வெட்டுன இடம் தைச்சப்புறம்தான் தெரியுது: மெஷின் எம்ப்ராய்டரி டிசைனை கம்ப்யூட்டர்ல கட் பண்ணி மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

ஊசிநூல்:
மயில் டிசைன், ப்ளவுஸ் முதுகுக்கு. நீளம் 240 எம்எம், எங்கிட்ட இருக்கிறது வீட்டு மெஷின், துணியை இறுக்கிப் பிடிக்கிற ஃப்ரேம் 130க்கு 180 எம்எம்தான். ரெண்டா வெட்டாம வழியே இல்ல. மயில் உடம்புல குறுக்க சாஃப்ட்வேர்ல வெட்டுற நைஃப் டூல்ல ஒரே கோடு, ஸ்க்ரீன்ல எவ்ளோ ஜூம் பண்ணாலும் இடைவெளி கிடையாது. ஃப்ரேம் மாத்தி, மார்க்குல ஊசியை இறக்கிப் பார்த்து, எல்லாம் சரியாத்தான் வச்சேன். தைச்சு எடுத்தா நடுவுல மெரூன் துணி தெரியுது, ஒரு தலைமுடி கனம் இருக்கும். ப்ளவுஸ் குடுத்த அக்கா திட்டவே இல்ல. கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டுல வச்சு இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் மெதுவா இழுத்தாங்க. "முகூர்த்தத்துக்குப் போடறதும்மா"ன்னாங்க, அவ்ளோதான். மூணு வருஷமாச்சு, அந்த நகச்சத்தம் போகல.

திருப்பூர்_பஞ்சிங்:
நம்மளது பனியன் லோகோங்க. பார்ட்டி குடுத்தது வெறும் டிஎஸ்டி, மெஷின் படிக்கற தையல் ஃபைலுங்க, அதுல ஆப்ஜெக்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஊசி எங்க போகோணும்ங்கற கணக்கு மட்டும்தான், கலர் கூட இருக்காது. பேருக்குக் கீழ இருக்கற சின்ன வரியை எடுத்துருங்கன்னாங்க, நானும் தையல் தையலா செலக்ட் பண்ணி வெட்டித் தூக்கிட்டேன், மேல் எழுத்து அவுறாம முடிச்சு மாதிரி பிடிக்கற லாக் ஸ்டிச்சும் கூடவே போயிருச்சு, கவனிக்கல. செக்கிங்ல ஒரு அக்கா பிசிறுன்னு நெனச்சு நூலை இழுத்தாங்க பாருங்க, 'எஸ்' எழுத்து அப்படியே சரசரன்னு அவுந்து கைல வந்துருச்சு. அக்கா என்னைப் பார்த்தாங்க, ஒண்ணும் பேசாம அடுத்த பீஸை எடுத்து இழுத்தாங்க. அதுவும் வந்துச்சு. அதுக்குள்ள 300 பீஸ் ஓடியிருச்சுங்க.

பழைய_டிசைனர்:
எனக்கும் ஒரு யானை இப்படித்தான் ரெண்டாச்சு, அது கிடக்கட்டும். ஊசிநூல், உங்க தப்பு ஃப்ரேம்ல இல்ல, குறுக்க வெட்டுனதுல. இடத்தை நிரப்புற ஃபில் தையல், அது போற திசையில துணியைச் சுருக்கும், பக்கவாட்டுல தள்ளும். தையல் முடியற விளிம்புலயே வெட்டுனா ரெண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கும், நடுவுல வாய் பொளக்கத்தான் செய்யும். தையல் கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அதே வாக்குல வெட்டணும். இல்லன்னா முதல் பாதியை ஒரு எம்எம் நீட்டி விட்டு, ரெண்டாவது பாதி அது மேல ஏறணும். துணி சுருங்கறதுக்கு ஈடா தையலை நீட்டி விடற புல் காம்பன்சேஷனை ஏத்தணும். மேல் தையலுக்கு அடியில முதல்ல ஓடற அண்டர்லே போடணும். துணிக்கு அடியில வைக்கிற பேக்கிங் பேப்பர் ரெண்டு போட்டிருந்தா இன்னும் நல்லது. அதை விட, மயிலை உடம்புல யாராவது வெட்டுவாங்களா? தோகை ஆரம்பிக்கிற இடத்துல கலர் மாறுமே, அங்க பிரிச்சா கோடே தெரியாது. திருப்பூர்காரரே, டிஎஸ்டில கை வைக்காதீங்க, அதைப் பின்னாடி மாதிரியா வச்சு புதுசா பஞ்சிங் பண்ணுங்க, தையலை முதல்ல இருந்து வரைங்க, அரை நாள் வேலைதான்.

திருப்பூர்_பஞ்சிங்:
அரை நாளா? சாயங்காலம் டெலிவரின்னு பார்ட்டி வாசல்ல வண்டியோட நிக்கறப்ப வந்து சொல்லுங்கண்ணா.

ஊசிநூல்:
தோகைல பிரிச்சா மேல் பாதியே 190 எம்எம் வருது சார், ஃப்ரேம்ல நிக்காது. அளந்து பார்க்காமயா வெட்டினேன்? அதோட நான் எப்படி வெட்டணும்னு கேக்கவே இல்ல, நடந்ததைச் சொன்னேன்.

சிக்குக்கோலம்:
சண்டைக்கு நடுவுல என்னோடதும். நான் இங்க்ஸ்டிச், காசில்லாத சாஃப்ட்வேர். குஷன் கவர்ல சிக்குக் கோலம், நெருக்கி நெருக்கித் தைச்ச பட்டை மாதிரி ஒரே சாட்டின் கோடு தன்னையே தாண்டித் தாண்டிப் போகும், ஒரு இடத்துல மேல, அடுத்த இடத்துல அடியில. அதுக்காக வெட்டுப் புள்ளி வச்சு வச்சு அந்த ஒரே கோட்டை 14 துண்டாக்கினேன், ராத்திரி பன்னெண்டு மணி. அப்புறம் வரிசை. லிஸ்ட்ல கீழ இருக்கிறதுதான் முதல்ல தைக்கும், நான் மேல இருந்து கீழன்னு நெனச்சு அடுக்கி வச்சிருக்கேன். காலைல அம்மா மெஷின் பக்கத்துல காபியோட நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. "ஏண்டி, மேல வர வேண்டிய இழையெல்லாம் அடியில போகுது, கோலத்தைப் பின்பக்கமா பார்க்கிற மாதிரி இருக்கு"ன்னாங்க. கணக்கு பார்த்தா ஒவ்வொரு முடிச்சும் தலைகீழ். அந்தக் குஷன் இப்பவும் சோபாலதான் இருக்கு, வர்ற யாருக்கும் தெரியாது, அம்மா மட்டும் உக்காரும்போதெல்லாம் அதைத் திருப்பி வச்சிட்டுத்தான் உக்காருவாங்க.