பட்டா மாமனார் பேரில், பாடுபடுவது சித்தி: என்ன செய்யலாம்?

கரிசல்மகள்:
கமுதி பக்கம் என் சித்தி மூன்று ஏக்கர் மானாவாரியில் மிளகாயும் குதிரைவாலியும் போடுகிறார். சித்தப்பா தவறிப்போய் சில வருடம் ஆகிறது. உழவுக்கு ஆள் பிடிப்பதிலிருந்து களையெடுப்பு, பழம் பறித்துக் காயவைப்பது வரை எல்லாம் சித்திதான். ஆனால் பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பேரிலேயே கிடக்கிறது, அதனால் மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் தருகிற பிஎம் கிசான் பணமும் இல்லை, சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் பட்டா எங்கே என்கிறார்கள், ஐப்பசி மழை ஏமாற்றினால் காப்பீடும் கிடையாது. கொழுந்தனார்கள் இரண்டு பேரும் திருப்பூரில். நிலத்தை எட்டிப்பார்ப்பதில்லை, பட்டா பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மாறுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:
வாரிசுச் சான்றிதழிலிருந்து. மாமனாருக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, இரண்டுமே வேண்டும். இ-சேவை மையத்தில் மனு போடுங்கள், தாசில்தார் கொடுப்பார். சித்தப்பா பங்கு சித்திக்கும் பிள்ளைகளுக்கும் சட்டப்படி சேர வேண்டியது, கொழுந்தனார்கள் மனது வைத்துக் கொடுக்கிற தானம் இல்லை. முதலில் எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். அப்புறம் அவர்கள் சம்மதித்தால் பாகப்பிரிவினை பதிந்து தனிப்பட்டா. பிஎம் கிசானில் 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு பேர் மாறிய நிலத்தைச் சேர்க்க மாட்டார்கள், ஆனால் இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு.

மானாவாரி:
பட்டா வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பயிர்க் காப்பீடு குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கும் உழுபவர்களுக்கும் உண்டு. விஏஓவிடம் போய், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதிவைக்கும் அடங்கல் பதிவேட்டில் சாகுபடி செய்பவர் என்று சித்தி பேரை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். மிளகாய்க்குக் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம்வரை நாம் கட்ட வேண்டும், மீதியை அரசுகள் கட்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வறட்சி இழப்பீட்டை நம் ஒரு வயலைப் பார்த்துப் போடுவதில்லை, அந்த வட்டாரத்துக்கே சேர்த்துத்தான் கணக்கு.

குதிரைவாலி:
கடன் கிடைக்காதபோது செலவையாவது குறைக்கலாம், விதையை வெளியில் வாங்க வேண்டாம். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் பெண்கள் சங்கங்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், சிறுதானிய விதையைத் தாங்களே சேர்த்துவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். 2019-ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு வாங்கினார்கள். உங்கள் ஊர் மகளிர் குழுவிலும் பேசிப் பாருங்கள்.

கரிசல்மகள்:
சித்திக்குப் படித்துக் காட்டினேன். மாமனாரின் இறப்பையே யாரும் பதியவில்லையாம், அதற்கு என்ன வழி?

வைகைக்கரை:
ஒரு வருடம் தாண்டிவிட்டதால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அந்த மனுவை முதலில் போடுங்கள், வாரிசுச் சான்றிதழ் அதற்கு அப்புறம்தான்.