கடை நம்பர்லேருந்து மெசேஜ் போட்டேன், அவுட்கோயிங் நின்னுடுச்சு. என்ன செய்யலாம்?

செம்பூர் பட்சணக்கடை:
வணக்கம். மும்பை செம்பூர்ல நாலு வருஷமா வீட்டோடயே பட்சணக்கடை வெச்சிருக்கேன். முறுக்கு, தட்டை, அதிரசம், கோகுலாஷ்டமிக்குச் சீடை. ஆர்டர் குடுத்தவங்க நம்பரெல்லாம் கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு லாங் சைஸ் நோட்டுல இருக்கு. 640 பேர். அஷ்டமிக்குப் பத்து நாள் இருக்கும்போது "சீடை ஆர்டர் எடுக்கிறோம்"னு என் போன்லேருந்தே தினம் 90 பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். கடை சாத்தினாத்தான் கை ஒழியும், அதனால ராத்திரி பத்தரைக்கு மேல. அஞ்சாம் நாள் அவுட்கோயிங் போச்சு. விசாரிச்சா, நிறைய பேர் புகார் குடுத்திருக்காங்களாம், 15 நாளைக்குக் கிடையாதாம். ஆர்டர் வாங்குறதும் அதே நம்பர். பார்சல் பையனைக்கூடக் கூப்பிட முடியல. என்கிட்ட வாங்கினவங்களுக்குத்தானே அனுப்பினேன், இதுல என்ன தப்பு?

தாராவி டெய்லர்:
தங்கச்சி, பண்டிகை நேரத்துல இப்படி ஆனது ரொம்பக் கஷ்டம். ஆனாலும் சொல்றேன். அந்த நோட்டுல இருக்கிற நம்பர், சீடை தயாரானா கூப்பிடுங்கன்னு நம்பிக் குடுத்தது. விளம்பரத்துக்குக் குடுத்ததில்ல. எனக்கும் இது புரிய நாளாச்சு.

சாதாரண பத்து இலக்க நம்பர்லேருந்து வியாபார மெசேஜ் போடக் கூடாது. 2025ல விதியை இறுக்கினப்புறம், பத்து நாளுக்குள்ள அஞ்சு பேர் புகார் குடுத்தாலே நடவடிக்கைதான். மறுபடியும் மாட்டினா ஒரு வருஷத்துக்கு இணைப்பே போயிடும். அதனால 15 நாள் முடிஞ்சதும் மிச்சம் இருக்கிறவங்களுக்கு அனுப்பிடாதீங்க.

முறையான வழி டிஎல்டி பதிவு, அதாவது வியாபார மெசேஜ் அனுப்புறவங்களையும் அவங்க வாசகத்தையும் பதிஞ்சு வெக்கிற ஏற்பாடு. டெலிபோன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அரசு ஆணையமான டிராய் 2018ல கொண்டுவந்த விதி. ஏதாவது ஒரு டெலிபோன் கம்பெனி தளத்துல பான் கார்டும் கடைக் காகிதமும் குடுத்துப் பதியணும். உங்க பேர்ல ஒரு ஹெட்டர், அதாவது மெசேஜ் வரும்போது நம்பருக்குப் பதிலாத் தெரியுற அடையாளம், வாங்கணும், அனுப்பப்போற வாசகத்தையும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கணும். லிங்க் போட்டா அதையும் பதியணும். 2021 மார்ச்சுல வாசகத்தைச் சரிபார்க்க ஆரம்பிச்ச அன்னிக்கு பேங்க் ஓடிபியே பல பேருக்கு வராமப் போச்சு, அவ்வளவு கறார். விளம்பரம்னா காலை 10லேருந்து ராத்திரி 9 வரைக்குந்தான். விளம்பரம் வேண்டாம்னு சொல்றதுக்கான 1909 நம்பர்ல மொத்தமா வேண்டாம்னு பதிஞ்சவங்களுக்குப் போகாது.

நான் "உங்க ப்ளவுஸ் தயார்"னு ஒரு வாசகம் வாங்கினேன். அடியில "தீபாவளிக்குத் தள்ளுபடி உண்டு"ன்னு ஒட்டினதும் திருப்பிட்டாங்க. தகவலோட விளம்பரம் சேர்ந்தா மொத்தமும் விளம்பரக் கணக்குதான்.

தமிழ்ல எழுதினா ஒரு மெசேஜுக்கு 70 இடந்தான், இங்கிலீஷ்ல 160. அதுலயும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம். "கோகுலாஷ்டமி" நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பதினொண்ணு. 70 தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு. இங்கிலீஷ்ல எழுதி ஒரேயொரு ரூபாய் குறி போட்டாலும் 160 போய் 70 ஆயிடும், அங்கதான் நான் முதல் மாசம் காசை விட்டேன்.

இப்ப அளவு எடுக்கும்போதே கேட்டுடுவேன்: "பண்டிகைக்கு முன்னாடி மெசேஜ் போடட்டுமா?" சரின்னவங்க பேருக்கு நேரா ஒரு டிக். மத்தவங்களுக்கு ப்ளவுஸ் தயார்னு மட்டும் போகும்.

மாட்டுங்கா வாசி:
டிஎல்டி ஆகுற வரைக்கும் வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட் போடுங்க, ஒரே மெசேஜ் பல பேருக்குத் தனித்தனியாப் போகும். உங்க நம்பரை சேவ் பண்ணி வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் போகும். 640ல பாதிகூட இருக்காது, ஆனா சேவ் பண்ணினவங்க வாங்குறவங்க.

செம்பூர் பட்சணக்கடை:
அண்ணாச்சி, நல்லா உறைச்சுது. ராத்திரி பதினொண்ணுக்கு ஒரு பாட்டி போன் பண்ணி, "யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறிப்போய் எடுத்தேன்"னாங்க. அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். அவங்களை நேர்ல பார்த்துப் பேசிட்டு வரேன். பான் கார்டு இருக்கு, ஜிஎஸ்டி இல்ல. சிறுதொழில் பதிவுக்குக் குடுக்குற உத்யம் சான்றிதழ் வெச்சுப் பதிய முடியுமா? நோட்டுல இன்னிக்கே ஒரு கட்டம் கோடு போட்டுட்டேன்.