வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்று வந்தவர்கள் பேசலாம்

பெயர் வேண்டாம்:
முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, மூன்றாம் மாதம் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் எடுத்தார்கள். சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும் 'வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ், 1:2' என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். ரிப்போர்ட்டைக் கொடுத்த பெண் தலை நிமிராமல், "உங்கள் வீட்டுக்காரரைப் போய்க் கேளுங்கள்" என்றார். அது சிபிலிஸ், அதாவது மேகப்புண் நோய்க்கான சோதனை என்று இரவில் செல்போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். நான்கு நாள் கணவரோடு பேசவில்லை. அவர் சாப்பிடாமல் வேலைக்குப் போனதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஐந்தாம் நாள் மகப்பேறு மருத்துவர், நோயை உறுதிசெய்யும் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தச் சோதனையை எழுதிக் கொடுத்தார். எனக்கு நெகட்டிவ். கணவருக்கு இரண்டு சோதனையும் நெகட்டிவ். சில வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் அப்படியே. அந்த நோய் எனக்கு வரவே இல்லை.

ஆய்வக நுட்பநர்:
சகோதரி, அந்தப் பெண் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. 19 ஆண்டுகளாக இந்தச் சோதனையைச் செய்கிறேன். வி.டி.ஆர்.எல். கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிபின் என்ற கொழுப்புக்கு எதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் அது காட்டும். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் அந்தக் கொழுப்பு கலந்த ஆன்டிஜன் ஒரு சொட்டு விட்டு, நிமிடத்துக்கு 180 சுற்று வீதம் 4 நிமிடம் சுழற்றுவோம். பிறகு, பால் திரிவதுபோல் துகள்கள் திரண்டிருக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலும் திரளலாம். 1:2 என்றால் சீரத்தை இரண்டு மடங்கு நீர்த்தது வரைதான் திரண்டது என்று பொருள்; இரண்டாவது எண் கூடினால் எதிர்ப்பொருளும் கூடுதல். 1:2 போலக் குறைவாக வந்தால் என் கை தானாக டி.பி.எச்.ஏ. கிட்டை எடுத்துவிடும். கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைப் பார்ப்பது அதுதான். இதைப் படித்துவிட்டு எந்தக் கர்ப்பிணியும் வி.டி.ஆர்.எல். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கவனிக்காமல் விட்ட சிபிலிஸால் குழந்தை இறந்து பிறந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வளைகுடா போக இருந்தவன்:
எனக்கு நோய் உண்மையாகவே இருந்தது. முதலில் வலியில்லாத ஒரு புண். தானாக ஆறிவிட்டது என்று விட்டுவிட்டேன். பிறகு உள்ளங்கையில் தடிப்பு வந்தது. வி.டி.ஆர்.எல். 1:32, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். அரசு மருத்துவமனையில் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் போட்டார்கள், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக. இரண்டு நாள் உட்கார முடியவில்லை. மனைவியிடம் நானே சொன்னேன். அழுதாள், பிறகு என்னோடு வந்து சோதனை செய்துகொண்டாள், ஊசியும் போட்டுக்கொண்டாள். ஆறே மாதத்தில் எனக்கு 1:4 என்று இறங்கியது.

மூன்று ஆண்டு கழித்து வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்று நிறுத்திவிட்டார்கள். குணமான பிறகும் பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சிகிச்சை பலித்தது என்று நிரூபிக்க, வி.டி.ஆர்.எல். 1:32 எப்படி 1:4 ஆனது என்று காட்டும் பழைய ரிப்போர்ட்டுகள் வேண்டும். நானோ வெட்கத்தில் அவற்றைக் கிழித்துப் போட்டிருந்தேன். மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து நகல் வாங்க இருபது நாள் ஆயிற்று. அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.