குளச்சல் ஐஸ் ஆலை டிரான்ஸ்பார்மரில் 23 வோல்ட் குறைகிறது: கணக்கு எப்படி?

கேள்வி (குளச்சல்):
எங்கள் ஐஸ் ஆலையில் 11,000/433 வோல்ட், 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் உள்ளது; பெயர்த்தகட்டில் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு டிரான்ஸ்பார்மர் காட்டும் மொத்த எதிர்ப்பு) 4.5 சதவீதம். விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் நாட்களில் கம்ப்ரசர்கள் அனைத்தும் ஓடும்போது, எல்.டி. முனையிலேயே (433 வோல்ட் தரும் தாழ்வழுத்தப் பக்கம்) 432 வோல்ட் 409 ஆக இறங்குகிறது. அப்போது மின்னோட்டம் 250 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (கேவிஏ-வில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.8. முழுச்சுமையில்கூட 433-இல் 4.5 சதவீதம், அதாவது 19.5 வோல்ட்தானே குறைய வேண்டும்? டேப்பை (எச்.டி. எனும் 11,000 வோல்ட் உயரழுத்தப் பக்கச் சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றும் திருகியை) மாற்றிவிடலாம் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன்.

பதில் (தக்கலை):
ஐயா, 4.5 சதவீதத்தை அப்படியே கழிக்கக் கூடாது. எல்.டி. முனைகளைக் குறுக்கிணைத்து முழுச்சுமை மின்னோட்டம் பாயச் செய்ய எச்.டி. பக்கம் எத்தனை சதவீத மின்னழுத்தம் தேவை என்பதையே அந்த எண் சொல்கிறது. சோதனைச் சான்றிதழில் முழுச்சுமைச் செப்பிழப்பைப் (சுருள்களில் வெப்பமாக வீணாகும் மின்சாரம்) பாருங்கள். அது 3,200 வாட் என்று கொண்டால், மின்தடை 1.28 சதவீதம், 4.5-இன் வர்க்கத்திலிருந்து 1.28-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் ரியாக்டன்ஸ் (சுருளின் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) 4.31 சதவீதம். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் அதன் சைன் மதிப்பு 0.6; எனவே முழுச்சுமை இறக்கம் 1.28 × 0.8 + 4.31 × 0.6 = 3.61 சதவீதம். முழுச்சுமை மின்னோட்டம் 333 ஆம்பியர். உங்களுடையது அதில் முக்கால் பங்கு என்பதால் இறக்கம் 2.7 சதவீதம், ஏறத்தாழ 12 வோல்ட்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மீதி 11 வோல்ட் எங்கே போகிறது?

பதில் (நாகர்கோவில்):
டிரான்ஸ்பார்மருக்கு வரும் அழுத்தமே குறைந்திருக்க வேண்டும். எல்.டி.யில் 11 வோல்ட் என்பது எச்.டி.யில் ஏறக்குறைய 280 வோல்ட், அந்நேரத்தில் எச்.டி. மீட்டர் 10,700-ஐ ஒட்டிக் காட்டினால் கணக்கு நேராகிவிடும்.

டேப் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. எச்.டி. சுற்றுகளை 2.5 சதவீதம் குறைத்தால் பகலில் 11 வோல்ட் கூடும் என்பது சரிதான். ஆனால் சுமையில்லாத இரவில் 443 வோல்ட், அதாவது ஃபேஸுக்கு 256 வோல்ட் வந்து விளக்குகளைத் தாக்கும். தவிர, இவ்வகை டேப்பை இணைப்பைத் துண்டித்து எர்த் செய்த பிறகே தொட வேண்டும். பெயர்த்தகட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பித் திருப்பக் கூடாது.

முதலில் பவர் ஃபேக்டரை உயர்த்தும் கபாசிட்டர் பொருத்துங்கள். பவர் ஃபேக்டர் 0.95 ஆனால் அதே வேலைக்கு 210 ஆம்பியர் போதும். மேற்சொன்ன சூத்திரப்படி இறக்கம் 12-இலிருந்து 7 வோல்ட்டாகக் குறையும். கம்ப்ரசர் நின்றதும் கபாசிட்டரும் துண்டிக்கப்படும்படி அமைக்க வேண்டும். இல்லையேல் இரவு அழுத்தம் இன்னும் ஏறும்.