வெள்ளை ரோபோ மஞ்சளாகிவிட்டது, பெராக்சைடு ஊற்றலாமா? அவசரம்

வெண்சிறகு85
வணக்கம். என் வெள்ளை ரோபோ மஞ்சளாகிக் கிடக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்கிறார்கள். மெடிக்கலில் ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன். அப்படியே ஊற்றிவிடலாமா? எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார், அதற்குள் முடிய வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_கிட்பேஷ்
எந்த ரோபோ? எந்த வருடத்தது? முழுக்க மஞ்சளா, சில பாகம் மட்டுமா? பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது? ஸ்டிக்கர், பெயின்ட், குரோம் ஏதாவது இருக்கிறதா? பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இதெல்லாம் தெரியாமல் ஊற்றுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

துணிவெளுப்பு
பெராக்சைடு எல்லாம் எதற்கு? ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் நாலு துளி விட்டு ராத்திரி ஊற வையுங்கள். வேட்டி வெளுக்கும்போது பொம்மை வெளுக்காதா? நான் சொல்வது செலவில்லாத வழி.

மூத்த_சேகரிப்பாளர்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. முதலில் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும் தம்பி. "வெள்ளை ரோபோ" என்றால் எங்களுக்கு என்ன புரியும்? பொம்மை சேகரிக்கிறவருக்குத் தன் கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். மஞ்சளுக்குக் காரணம் தீத்தடுப்புக்காகச் சேர்க்கும் புரோமின். அது வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

கெமிஸ்ட்ரி_லேப்
ஐயா, புரோமின் கதை பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளிலிருந்து வந்தது. அவற்றில் மின்சாரம் ஓடுகிறது, தீத்தடுப்பு தேவைப்பட்டது. மின்சாரமே ஓடாத பொம்மைக்கு அதைச் சேர்க்க அவசியமில்லை, ஆனாலும் பொம்மை மஞ்சளாகிறது. இந்த மாதிரிப் பொம்மைகளின் கெட்டிப் பிளாஸ்டிக்கான ஏபிஎஸ் என்பதில் மூன்று சரக்கு இருக்கிறது: அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன். கீழே விழுந்தால் உடையாமல் இருக்கச் சேர்க்கும் ரப்பர் பகுதிதான் பியூட்டடையீன். அதில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். புற ஊதாக் கதிரும் வெப்பமும் ஆக்சிஜனும் முதலில் கை வைப்பது அங்கேதான். மஞ்சள் நிறம் அந்த ஆக்சிஜனேற்றத்தின் விளைவு. புரோமின் இருந்தால் வேகம் கூடலாம், அது இல்லாமலும் மஞ்சளாகும்.

சொட்டு நீலம் சொன்ன நண்பருக்கு: நீலம் மஞ்சளை அழிப்பதில்லை, மேலே ஒரு நீலச் சாயலைப் போட்டுக் கண்ணுக்கு மறைக்கிறது. துணியில் அடுத்த சலவையில் போய்விடும். பொம்மையின் மூட்டு இடுக்கிலும் கோட்டுப் பள்ளத்திலும் நீலம் போய் உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

வெண்சிறகு85
1985 ஜெட்ஃபயர். ஒருவரிடமிருந்து வாங்கியது. பாட்டிலில் 6%, 20 வால்யூம் என்று இருக்கிறது. சிறகு நல்ல மஞ்சள், மார்பு கொஞ்சம், கை பரவாயில்லை. ஸ்டிக்கர் இருக்கிறது. எவ்வளவு நேரம்?

கோவை_கிட்பேஷ்
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்! ஜெட்ஃபயர் என்றால் கதையே வேறு. ஜப்பானில் டகடோகு நிறுவனம் மேக்ராஸ் கார்ட்டூன் தொடருக்காகச் செய்த 1/55 அளவு வால்கிரி விமானத்தின் அதே அச்சு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை வரிசையில் இந்தப் பெயரில் வந்தது. அந்தக் காலத்து வெள்ளை ஏபிஎஸ் இன்றுவரை வெள்ளையாகவே இருந்தால்தான் ஆச்சரியம். ஒரே பொம்மையில் சிறகு மஞ்சள், கை வெள்ளை என்பதும் வழக்கமானதுதான். ஒவ்வொரு பாகமும் வேறு வேறு கலவையில், வேறு வேறு நாளில் வார்த்தவையாக இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன்: ஸ்டிக்கருக்குக் கீழே, சிறகு மடங்கும் இடத்துக்கு உள்ளே என்ன நிறம்? அங்கே வெள்ளை, வெளியே மட்டும் மஞ்சள் என்றால் வெளிச்சம் பட்டதால் வந்தது, அல்லது மேலே படிந்த அழுக்கு. முன்பு வைத்திருந்தவர் சிகரெட் பிடிப்பவரா? பூஜை அலமாரி பக்கத்தில் ஊதுபத்திப் புகையில் இருந்ததா? பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி, வெதுவெதுப்பான தண்ணீர், காது குடையும் பஞ்சு. ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பழுப்பானால் பாதி வேலை சோப்பிலேயே முடிந்தது.

மாடிவெயில்
பெராக்சைடே வேண்டாம் சகோ. கழுவிவிட்டு மொட்டை மாடியில் வெறும் வெயிலில் வையுங்கள். பழைய கீபோர்டை அப்படித்தான் வெளுத்தேன். மருந்து எதுவும் போடவில்லை.

மூத்த_சேகரிப்பாளர்
வெயில்தான் மஞ்சளாக்குகிறது என்று மேலே ஒருவர் பாடமே எடுத்திருக்கிறார். அதே வெயில் எப்படி வெளுக்கும்? அடிப்படை கூடத் தெரியாமல் வழி சொல்லக் கூடாது. என் அலமாரியில் வெயில் படும் பக்கம் இருந்தவைதான் மஞ்சளாயின. இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?

மாடிவெயில்
ஐயா, என் கீபோர்டு கண் முன்னே வெளுத்தது. படம் இருக்கிறது. நீங்கள் செய்து பார்த்தீர்களா?

பெட்டி_பிரிக்காதவன்
என்னிடம் பெட்டியே பிரிக்காத பொம்மை மஞ்சளாகியிருக்கிறது. வெளிச்சமே படவில்லை. அதற்கு என்ன சொல்வீர்கள்?

கெமிஸ்ட்ரி_லேப்
மூவர் சொல்வதும் நடப்பதுதான். குறைந்த அலைநீளப் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் பிணைப்பை உடைத்து ஆக்சிஜனேற்றத்தைத் தொடங்கிவைக்கும், அது மஞ்சளாக்கும். அப்படி உருவான மஞ்சள் மூலக்கூறுகள் நீல, ஊதா ஒளியை உறிஞ்சுபவை. அதனால்தான் மஞ்சளாகத் தெரிகின்றன. உறிஞ்சிய அந்த ஒளியே அவற்றைச் சிதைக்கவும் செய்கிறது. ஆகவே இருட்டில் மஞ்சளானது வெளிச்சத்தில் வெளுப்பது உண்டு. வெளிச்சமே இல்லாத பெட்டிக்குள் வெப்பமும் ஆக்சிஜனும் மெதுவாக வேலை செய்கின்றன. பரணில் வைத்த பொம்மை வேகமாக மஞ்சளாவது அதனால்தான். அங்கே வெப்பம் அதிகம்.

வெறும் வெயிலுக்கு ஒரு விலை உண்டு. நிறம் வெளுக்கும்போதே மேல்பரப்பின் சிதைவு தொடர்கிறது. பெராக்சைடு சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும், வெயிலில் இருக்கும் நேரம் குறையும். இந்த முறைக்கு 2008 வாக்கில் பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் ரெட்ரோபிரைட் என்று பெயர் வைத்தார்கள். பொம்மைக்காரர்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

அலமாரிக்காரி
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பாத்திரத்தின் உருவம் இருக்கிறது, அதன் வெள்ளைப் பாவாடை மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நானும் இதே பெராக்சைடு முறையைச் செய்யலாமா?

கோவை_கிட்பேஷ்
வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்கள். பெட்டியின் அடியில் பாருங்கள், ஏபிஎஸ், பிவிசி என்று எழுதியிருப்பார்கள். பீடமும் தாங்கும் கம்பியும் கெட்டியாக இருந்தால் அநேகமாக ஏபிஎஸ். முடி, பாவாடை, முகம் லேசாக வளைந்தால் பிவிசி. பிசுபிசுப்பு இருந்தால் அது பிவிசிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கெமிஸ்ட்ரி_லேப்
ஆமாம், இது வேறு நோய். பிவிசி வெப்பத்திலும் ஒளியிலும் ஹைட்ரஜன் குளோரைடை இழக்கிறது. இழந்த இடத்தில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகின்றன, அந்த வரிசை நீள நீள நிறம் மஞ்சள், பழுப்பு என்று ஏறும். பிசுபிசுப்பு, அதை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் வெளியே கசிந்தது. பெராக்சைடில் ஊறப்போட்டால் மேல்பரப்பு கொஞ்சம் வெளுக்கலாம், ஆனால் கண், கன்னச் சிவப்பு, நிழல் பெயின்ட் எல்லாம் பாழாகும் ஆபத்து அதிகம். வெயில் வேறு சேர்ந்தால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். வளைந்த வாளையும் முடியையும் நிமிர்த்த வெந்நீரில் முக்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அந்த அளவு சூட்டிலேயே அது இளகும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, நிழலில் காய வையுங்கள். பிசுபிசுப்பு போகும். மஞ்சள் பெரிதாகப் போகாது. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எதுவும் பக்கத்தில்கூட வரக் கூடாது. அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்தே விடும்.

ஈசூன்வாசி
சிங்கப்பூர் ஈரக்காற்றில் நான் எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுகிறேன். அலமாரிக்காரி அக்காவும் அப்படிச் செய்யலாம்.

பெட்டி_பிரிக்காதவன்
தவறான யோசனை. மூடி வைத்ததால்தான் பிசுபிசுப்பு வருகிறது. கசிந்தது போக வழியில்லாமல் உருவத்தின் மேலேயே படிகிறது. திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

ஈசூன்வாசி
பெட்டியே பிரிக்காமல் வைத்திருக்கும் நீங்கள் காற்றோட்டம் பற்றிச் சொல்கிறீர்களே அண்ணே!

பெட்டி_பிரிக்காதவன்
பிரிக்காததால்தான் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

கெமிஸ்ட்ரி_லேப்
டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இவோன் ஷஷுவா பிவிசி பற்றி நிறைய ஆராய்ந்தவர். மூடிய இடத்தில் வைத்தால் பிளாஸ்டிசைசர் இழப்பு மெதுவாகும் என்பது அவருடைய முடிவு. காற்றோட்டம் கொடுத்தால் பிசுபிசுப்பு குறைவதும் உண்மைதான். கசிந்தது ஆவியாகிப் போகிறது, ஆனால் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கி விறைக்கும். கைக்கு ஒட்டாமல் இருக்க வேண்டுமா, நெடுங்காலம் மென்மையாக இருக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தது. என் யோசனை: கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அவ்வப்போது துடைப்பு. பிவிசி உருவத்தை வேறு பிளாஸ்டிக் மேல் நேரடியாக ஒட்டி வைக்கக் கூடாது. பிளாஸ்டிசைசர் அதற்குள் இறங்கி அதையும் இளக்கும். இடையில் பாலியெஸ்டர் தாள் வையுங்கள். ஏபிஎஸ், பிவிசி இரண்டுக்குமே சூடு எதிரி. அறை குளுமையாக இருந்தாலே எல்லாம் மெதுவாகும்.

மூத்த_சேகரிப்பாளர்
அருங்காட்சியகத்தில் பொதுவாகப் பெராக்சைடு ஊற்றுவதில்லை என்பதையும் சொல்லுங்கள். மஞ்சளும் அந்தப் பொருளின் வயதுதான். வெளுத்த பொம்மையை வெளுத்தது என்று சொல்லாமல் விற்பது ஏமாற்று. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருபவர் வாங்க வருபவர்தானே தம்பி? அவரிடம் சொல்லப் போகிறீர்களா?

நெறியாளர்
பிவிசி பராமரிப்பு பற்றித் தனி இழை தொடங்குங்கள், இங்கே கேட்டவருக்கு இன்னும் முழு பதில் கிடைக்கவில்லை. விற்பனை நேர்மை பற்றி ஐயா சொன்னது சரி: வெளுத்திருந்தால் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி.

கோவை_கிட்பேஷ்
சரி, வெண்சிறகு, உங்களுக்கு. 6% போதும், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அது நல்லதுதான். முடி நிறமேற்றும் கடையில் கிடைக்கும் 12% கிரீம் வேண்டாம். அது காய்ந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழுந்து பளிங்குக் கல் மாதிரி ஆகிவிடும், அதைத் திருத்த வழியில்லை. 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம், தோலைச் சுட்டுவிடும்.

பொம்மையைத் திருகு கழற்றிப் பிரிக்க வேண்டும். திருகு, ஸ்பிரிங், உலோகப் பாகம் எதுவும் திரவத்தில் இருக்கக் கூடாது. துருப்பிடிக்கும், பெராக்சைடும் வீணாகும். சிவப்புப் பாகங்களைத் தனியே எடுத்து வையுங்கள், நிறம் மங்கும். ஸ்டிக்கர் இருக்கும் பாகத்தைப் போடவே கூடாது என்பது என் கருத்து. பழைய ஸ்டிக்கர் ஒருமுறை போனால் போனதுதான்.

வெள்ளைப் பாகங்களைச் சோப்பில் கழுவிவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் முழுதாக மூழ்கும்படி போடுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கோடு விழும். மிதந்தால் மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து அழுத்துங்கள். மூடியை இறுக்க வேண்டாம், ஆக்சிஜன் வாயு வெளியேற வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஏறும். வெயிலில் வைத்து அடிக்கடி போய்ப் பாருங்கள், பாகங்களைத் திருப்பிவிடுங்கள். கருப்புத் தகரத்தின் மேலோ சிமென்ட் தரையிலோ வைக்காதீர்கள், அடியில் சூடு ஏறும். கீழே ஒரு துணி மடித்துப் போடுங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வீட்டில் குழந்தை இருந்தால் மாடிக் கதவைப் பூட்டுங்கள்.

எவ்வளவு நேரம் என்றுதான் இரண்டு முறை கேட்டீர்கள். அதற்கு மணிக்கணக்கு சொல்ல முடியாது. வெயிலையும் மஞ்சளின் ஆழத்தையும் பொறுத்தது. கை என்ன வெள்ளையில் இருக்கிறதோ அந்த வெள்ளை வந்ததும் எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறும். முதலில் உள்ளே மறையும் ஒரு சின்ன பாகத்தில் செய்து பாருங்கள்.

கெமிஸ்ட்ரி_லேப்
இத்துடன் ஒன்று: மஞ்சள் திரும்ப வரலாம். நீங்கள் நீக்குவது நிறத்தை மட்டும், ஆக்சிஜனேற்றமான பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. சிலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடங்களில் திரும்புகிறது. வாங்குபவரிடம் இதையும் சொல்லுங்கள்.

வெண்சிறகு85
சிறகு இரண்டும் வெள்ளையாகிவிட்டது. மார்பில் ஸ்டிக்கர் இருப்பதால் அதைப் போடவில்லை. வந்தவரிடம் சொன்னேன், அவர் மார்பு மஞ்சளாக இருப்பதே பிடித்திருக்கிறது என்றார். எல்லோருக்கும் நன்றி.

கோவை_கிட்பேஷ்
அருமை. எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? படம் போடுங்கள், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

மாடிவெயில்
பெராக்சைடோடா, வெறும் வெயிலா?

அலமாரிக்காரி
கழுவினேன், பிசுபிசுப்பு போய்விட்டது. பாவாடை இன்னும் மஞ்சள்தான். தனி இழை தொடங்கியிருக்கிறேன், கெமிஸ்ட்ரி சார் வந்து பாருங்கள்.

கோவை_கிட்பேஷ்
வெண்சிறகு, படம்?