சுரங்கப்பாதைத் தண்ணியில ஸ்கூட்டர் நின்னுபோச்சு: செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமா?

மாம்பலம்வாசி (கேள்வி)

110 சிசி ஸ்கூட்டர், பிஎஸ்6, 31,000 கி.மீ. ஓடியிருக்கு. நேத்து சாயங்கால மழையில சென்னை துரைசாமி சுரங்கப்பாதைக்குள்ள பாதியில ஆஃப் ஆயிடுச்சு. தண்ணி கால் வைக்கிற பலகை வரைக்கும், சைலன்சர் முழுக்க உள்ளே. ரெண்டு தடவை செல்ஃப் அமுக்கினதுல ‘டக்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். இப்ப வீட்டு வாசல்ல நிக்குது. ரெண்டு நாள் வெயில்ல காயவிட்டா தானா ஸ்டார்ட் ஆகும்ங்கறார் ஒருத்தர். விடாம கிக்கர் அடிங்கறார் இன்னொருத்தர். எது சரி? மெக்கானிக் கடையில எல்லாம் வரிசை, மூணு நாள் ஆகும்ங்கறாங்க. கையில பிளக் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் செட், 8, 10, 12 ஸ்பானர் இருக்கு. இன்னொண்ணு: எவ்வளவு தண்ணி வரைக்கும் உள்ளே இறங்கலாம்னு ஏதாவது கணக்கு உண்டா?

பிளக்_ஸ்பானர்

ரெண்டு பேர் சொன்னதும் தப்புங்க. முதல்ல கீயை ஆஃப் பண்ணி வீட்டுக்குள்ள வச்சிடுங்க. யாராவது வந்து “ஒரு தடவை அமுக்கிப் பாக்கறேன்”னு அமுக்கிடுவாங்க, அதுக்குத்தான்.

காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாவோ சைலன்சர் வழியாவோ சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா, பிஸ்டன் மேல வர்றப்ப அதுக்கு இடமே இல்லாம இடிச்சு நிக்கும். அந்த ‘டக்’ அதுவா இருக்கலாம். இன்னும் பலமா அடிச்சா பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடு வளையும், அப்புறம் இன்ஜினைப் பிரிக்கிற வேலைதான். வெயில்ல காயவிடறதும் உதவாது. சிலிண்டரும் சைலன்சரும் மூடின பாத்திரம் மாதிரி, ஆவியாகி வெளிய போக வழி கிடையாது. ரெண்டு நாள்ல சிலிண்டர் சுவத்துல துரு பிடிக்க ஆரம்பிச்சிடும், அதுவும் சாக்கடை கலந்த தண்ணின்னா சொல்லவே வேணாம். அதனால இன்னிக்கே பண்ணுங்க:

1. மெயின் ஸ்டாண்ட் போட்டு இன்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. ஆயில் பால் விட்ட டீ நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி இறங்கியிருக்கு. அப்படியிருந்தா ஆயில் மாத்துற வரைக்கும் இன்ஜினைச் சுத்தவே கூடாது. மூடியோட உள்பக்கம் மட்டும் லேசா வெள்ளையா ஒட்டியிருந்தா பயப்பட வேணாம், குறைஞ்ச தூரமே ஓடுற வண்டியில சாதாரணமாவே அது வரும்.

2. முன் சக்கரத்தை ஒரு படி மேல ஏத்தி நிறுத்துங்க. சைலன்சர் வாய் கீழ சாயும், உள்ளே இருக்கிற தண்ணி வடியும். அரை மணி நேரம் விடுங்க.

3. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்க. பெரும்பாலான ஸ்கூட்டர்ல இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேல இருக்கும். அதோட அடியில சின்ன ரப்பர் டியூப் ஒண்ணு தொங்கும், நுனியை அடைச்சிருக்கும். அதை எடுத்தா தேங்கின தண்ணி வந்திடும். பேப்பர் ஃபில்டர் நனைஞ்சிருந்தா காயவச்சுத் திரும்ப மாட்டாதீங்க, புதுசு சில நூறு ரூபாய்தான்.

4. பிளக் கேப்பை உருவி, பிளக்கைக் கழட்டுங்க. நிறைய 110 சிசி வண்டிக்கு 16 மி.மீ. பிளக் ஸ்பானர்தான். கழட்டுறதுக்கு முன்னாடி பிளக் குழியில நிக்கிற தண்ணியைத் துணியால ஒத்தி எடுத்துடுங்க, இல்லன்னா அதுவும் உள்ளே விழும்.

5. கீ ஆஃப்லயே இருக்கட்டும். ஓட்டைக்கு நேரா முகத்தை வைக்காம பக்கவாட்டுல நின்னு, கையால கிக்கரை மெதுவா ஒரு சுத்து அமுக்குங்க. தடையில்லாம சுத்தினா அப்புறம் காலால 15, 20 தடவை. தண்ணி பீச்சி அடிக்கும். வர்றது வெறும் காத்தா ஆகுற வரைக்கும் அடிங்க. பிளக் இல்லாமலே கிக்கர் இறுகி நின்னா அங்கேயே நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

6. பிளக் ஓட்டையில ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ரெண்டு தடவை கிக்கர் அடிங்க. பிளக்கைக் காயவச்சு முழுக்கக் கையாலயே திருகி, கடைசியில மட்டும் ஸ்பானரால இறுக்குங்க. சிலிண்டர் தலை அலுமினியம், மரை போனா இன்னொரு செலவு.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சர்ல வெள்ளைப் புகையும் தண்ணியும் பத்து நிமிஷம் வரும், அது சரிதான். ‘டொக் டொக்’னு அடிச்சாலோ இழுவை குறைஞ்சிருந்தாலோ ராடு வளைஞ்சிருக்கலாம், உடனே ஆஃப் பண்ணிடுங்க. ஓடிக்கிட்டிருந்த இன்ஜின் தண்ணி குடிச்சு ‘படக்’னு நின்னிருந்தா இந்த ஆபத்து அதிகம். திணறித் திணறி நின்னிருந்தா பெரும்பாலும் தப்பிச்சிருக்கும்.

கிளெய்ம்_ஃபைல்

பிளக்கில் கை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம். இன்சூரன்ஸ் கேட்கும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் முதலில் பாலிசியைப் பாருங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது, மேலே சொன்ன வேலையைத் தாராளமாகத் தொடங்கலாம். முழு பாலிசி என்றால் வெள்ளச் சேதம் அதில் உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ய முயன்றதால் இன்ஜின் கெட்டது என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதிவிட்டால், அதைத் தொடர் சேதம் என்று கழித்துவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் அதற்கு வழி. அதிலும் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

கிளெய்ம் போடுவதானால் வண்டியைத் திறக்காமல் முதலில் தகவல் கொடுங்கள். நம்பர் பிளேட்டும், உடலில் தண்ணீர் ஏறிய சேற்றுக் கோடும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துவையுங்கள், கழுவினால் அந்தக் கோடு போய்விடும். ஏர் ஃபில்டரும் ஆயிலும் மட்டும் என்றால் கிளெய்ம் போடாமல் இருப்பதே லாபம். கிளெய்ம் போடாதவருக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அடுத்த ஆண்டு போய்விடும், கைக்கு வருவதைவிட அது அதிகமாக இருக்கலாம்.

மாம்பலம்வாசி

தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருக்கு, அதனால பிரிச்சுட்டேன். ஃபில்டர் சொதசொதன்னு இருந்தது, புதுசு வாங்கியாச்சு. பிளக் ஓட்டையிலேர்ந்து அரை டம்ளர் தண்ணி வந்தது. கிக்கர் இப்ப லேசா சுத்துது. ஆனா குச்சியில ஆயில் அப்படியே டீ நிறம். எவ்வளவு ஆயில் வாங்கணும்? பிளக்கை மாட்டிட்டு செல்ஃப் அமுக்கினா சத்தமே இல்ல.

பிளக்_ஸ்பானர்

கிக்கர் லேசா சுத்துறது நல்ல செய்தி. செல்ஃபைக் கொஞ்சம் விடுங்க, ஆயில் முதல்ல.

மாடலைப் பொறுத்து 650லேர்ந்து 800 மி.லி. வரைக்கும் பிடிக்கும், சரியான அளவு கையேட்டுல இருக்கும். ரெண்டு தடவைக்கு வாங்குங்க. பல 110 சிசிக்கு 10டபிள்யூ-30, டப்பாவுல ஸ்கூட்டருக்கான ‘எம்பி’ (MB) குறி போட்டது. பழசை முழுக்க வடிச்சு, புதுசு ஊத்தி, ஐடிலிங்ல அஞ்சு நிமிஷம் ஓட்டி, அதையும் வடிச்சுட்டு மறுபடி புதுசு ஊத்தணும். முதல் தடவை ஊத்துறது கழுவுறதுக்குத்தான், விலை குறைஞ்சதா இருந்தாப் போதும். குச்சியைத் திருகாம வெறுமனே உள்ளே விட்டு அளவு பார்க்கணும்னு பல மாடல்ல இருக்கு, கவனிங்க.

எல்லாரும் மறக்கிறது கியர் ஆயில். பின் சக்கரத்துக்கிட்ட தனியா ஒரு டப்பா, 100, 120 மி.லி.தான் பிடிக்கும். அதோட மூச்சு விடுற குழாய் வழியா தண்ணி ஏறும். அதை விட்டுட்டா ரெண்டு மாசம் கழிச்சு பேரிங் ஊளையிடும்.

சுவிட்ச்_போர்டு

செல்ஃப் சத்தமே இல்லைன்னா இன்ஜினைக் குத்தம் சொல்லாதீங்க சார். ஹாரன் அடிச்சுப் பாருங்க. ஹாரன் முனகினா பேட்டரி இறங்கியிருக்கு. ஹாரன் நல்லா அடிக்குதுன்னா ரெண்டு இடம் இருக்கு: பிரேக் லீவர் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். பிரேக் பிடிச்சாத்தான் செல்ஃப் வேலை செய்யும். அந்த சுவிட்ச்ல ஈரம்னா பிரேக் பிடிச்சிருக்கறதே வண்டிக்குத் தெரியாது. பின்னாடி பிரேக் லைட் எரியுதான்னு பாருங்க, ஒரு லீவர்ல எரியலைன்னா இன்னொரு லீவரைப் பிடிச்சு அமுக்குங்க. சைடு ஸ்டாண்ட் போட்டா இன்ஜின் ஆஃப் ஆகுற வண்டின்னா, ஸ்டாண்ட் மூட்டுல சேறு அடைச்சு, மடக்கியிருந்தாலும் இறக்கியிருக்கிற மாதிரி காட்டும். நல்ல தண்ணியால கழுவி, பத்து தடவை மடக்கி மடக்கி விட்டாலே சரியாகும். சீட்டுக்கு அடியில ஃபியூஸையும் பாருங்க.

ஸ்டார்ட் ஆகி, ஆக்சிலரேட்டர் முறுக்கினா சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரலைன்னா, இடது பக்க பெல்ட் மூடிக்குள்ள தண்ணி. மூடியை எடுத்து பெல்ட்டையும் புல்லியையும் காய்ஞ்ச துணியால துடைச்சாப் போதும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எதையும் அங்கே அடிக்காதீங்க, பெல்ட் வழுக்கும்.

தெருவுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி பிரேக்கைக் கவனிங்க. டிரம் நனைஞ்சிருந்தா பிடிக்கவே பிடிக்காது. மெதுவா ஓட்டிக்கிட்டே லேசா பிரேக்கை உரசவிட்டு நூறு, இருநூறு மீட்டர் போனா சூட்டுல காயும்.

பெட்ரோல் மூடி வரைக்கும் தண்ணி ஏறலைன்னா டேங்க் பத்திக் கவலை வேணாம். ஏறியிருந்தா கொஞ்சம்னாலும் விடாதீங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, அது தண்ணியை உறிஞ்சும், அளவு மீறினா தண்ணியோட பிரிஞ்சு அடியில தங்கும். இன்ஜெக்ஷன் வண்டியில பம்ப் உறிஞ்சுறதே டேங்க்கோட அடியிலேர்ந்துதான்.

அரையடி_அளவுகோல்

எவ்வளவு தண்ணி வரை இறங்கலாம் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. என் கணக்கு ஒரு சாண். சாதாரண ஸ்கூட்டரின் பின் சக்கர அச்சு தரையிலிருந்து இருபது சென்டிமீட்டர் சொச்சம், அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் திரும்பிவிட வேண்டும். அளக்க டேப் வேண்டாம். நடைபாதை விளிம்புக் கல் பெரும்பாலும் அரையடி இருக்கும். அது மூழ்கிக் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள்.

சுரங்கப்பாதைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரயில் பாதைக்கு அடியில் பள்ளமாக இறங்குவதால் வாசலில் கணுக்கால் அளவு, நடுவில் இடுப்பு அளவு இருக்கும். அங்கே தண்ணீர் தானாக வடியாது, மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். மழை மோட்டாரை முந்திவிட்டால் சில நிமிடங்களில் நிலைமை மாறும். பெரிய மழையில் மூடப்படும் சுரங்கப்பாதைகளின் பெயர்களில் கணேசபுரம், அரங்கநாதன், துரைசாமி எல்லாம் அடிக்கடி வரும். தடுப்பு வைத்திருந்தால் சந்து பார்த்து உள்ளே நுழையாமல் மேம்பால வழியில் போங்கள்.

குறைந்த தண்ணீரில் போயே ஆகவேண்டும் என்றால் சாலையின் நடுவே போங்கள். நடுப்பகுதி சற்று மேடு, திறந்த வடிகாலும் ஓரத்தில்தான் இருக்கும். ஒரே சீராக, மெதுவாக, ஆக்சிலரேட்டரை விடாமல் போக வேண்டும். இன்ஜின் ஓடும்வரை புகையின் அழுத்தம் சைலன்சருக்குள் தண்ணீர் வராமல் தள்ளிக்கொண்டே இருக்கும், விட்டால் உள்ளே இழுக்கும். இறங்கும் முன்பே மாநகரப் பேருந்து எதிரே வந்தால் அது கடக்கும்வரை மேட்டில் நில்லுங்கள். அது கிளப்பும் அலை ஏர் ஃபில்டர் வாய் வரை வந்துவிடும்.

நின்றே போய்விட்டால் கீயை ஆஃப் செய்து தள்ளுங்கள். ஸ்கூட்டரில் பின் சக்கரம் இன்ஜினைச் சுற்றாது, எவ்வளவு தூரம் தள்ளினாலும் கெடுதல் இல்லை. கியர் பைக் என்றால் நியூட்ரலில் மட்டும். செகண்ட் கியர் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்கிறேன் என்று கிளம்பினால் ராடு வளையும் ஆபத்து அதிகம். தள்ளும்போது மின்கம்பம், ஈபி பில்லர் பெட்டி இவற்றின் பக்கம் ஒதுங்க வேண்டாம். தண்ணீரில் கம்பி கிடந்தாலோ காலில் சுரீர் என்றாலோ வந்த வழியே திரும்பி, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள். தண்ணீர் தேக்கத்துக்கு மாநகராட்சி எண் 1913.

மாம்பலம்வாசி

சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்தான்! கழுவினதும் செல்ஃப் எடுத்துச்சு. முதல் ஆயில் ஊத்தி அஞ்சு நிமிஷம் ஓட்டி வடிச்சாச்சு, வடிச்சதும் இன்னும் லேசா வெளுப்பா இருக்கு. அப்படியே ரெண்டாவதை ஊத்தலாமா?

பிளக்_ஸ்பானர்

ஊத்துங்க, ஆனா வழக்கமான சர்வீஸ் தூரம் வரைக்கும் வைக்காதீங்க. 300 கி.மீ. ஓட்டி, குச்சியை உருவிப் பாருங்க. நிறம் தெளிவா இருந்தா விட்டுடலாம், திரும்ப வெளுத்தா இன்னொரு தடவை மாத்தணும். வடிச்ச ஆயிலைச் சாக்கடையில ஊத்திடாதீங்க, கேன்ல பிடிச்சு மெக்கானிக் கடையில கொடுத்துடுங்க.