மாவுப்பூச்சியைக் கொன்றது வேம்பா, சோப்பா?

தாம்பரத்தான்: "செடியிலிருந்து எடுப்பது எதுவும் நஞ்சாகாது, வேப்பெண்ணெய் இருக்கப் பூச்சிமருந்துக் கடைக்குப் போகிறவன் மூடன்" என்று மயிலை மாடித்தோட்டத்தார் நேற்று எழுதியதைப் படித்தேன், பொறுக்கவில்லை. புகையிலையின் நிக்கோட்டினும், மீனைக் கொல்லும் ரோட்டினோனும் செடிகளிலிருந்து வருபவைதாம். அது போகட்டும். வேப்பெண்ணெயோடு சோப்புக் கரைசலையும் ஊற்றிவிட்டு, செம்பருத்தியில் மாவுப்பூச்சி செத்தது வேம்பால்தான் என்கிறாரே, சோப்பு என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததா?

மயிலை மாடித்தோட்டம்: எண்ணெய் தண்ணீரில் கலப்பதற்காக மட்டுமே சோப்பு என்பது என் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் தெரியும். வேப்பெண்ணெய்க்கு 1994இல் ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை 2000இல் ரத்து செய்ய வைத்த நாடு இது. ஐயா அதைப் படித்ததில்லை போலும்.

தாம்பரத்தான்: அந்தக் காப்புரிமை பூஞ்சையை ஒழிக்கும் முறைக்கு, நாம் பேசுவது பூச்சியைப் பற்றி. மாவுப்பூச்சி, அசுவினி போன்ற மென்னுடல் பூச்சிகளைச் சோப்புக் கரைசலே கொன்றுவிடும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் வேதிப்பொருள் பூச்சியைத் தின்னவிடாமல் தடுக்கும், தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். மறுநாள் காலையே செத்துக் கிடந்ததாக எழுதியவர் தாங்கள்தாமே? அப்படியானால் கொன்றது சோப்பு.

செங்கல்பட்டு விவசாயி: பத்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சண்டை பொழுதுபோக்கு. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மறுநாள் மாலையில் தெளிக்கிறோம். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 10 கிலோ பருப்பு. யார் வந்து இடிப்பீர்கள்? நாங்களும் இலையில் ஒட்டுவதற்குச் சோப்புதான் சேர்க்கிறோம்.

தாம்பரத்தான்: பார்த்தீர்களா, அவரும் சோப்பு என்கிறார்!

செங்கல்பட்டு விவசாயி: ஒட்டுவதற்கு என்றேன். கொல்வதற்கு என்று நான் சொல்லவில்லை.

மயிலை மாடித்தோட்டம்: "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று வேம்பைப் போற்றிய முன்னோர் முட்டாள்களா?

தாம்பரத்தான்: அங்கே வேல் என்பது கருவேல், வேம்பன்று. பழமொழியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டீர்கள். ஒரு தொட்டியில் வெறும் சோப்புக் கரைசலை மட்டும் தெளித்துப் பார்க்கத் தங்களுக்குத் துணிவு உண்டா?

மயிலை மாடித்தோட்டம்: சென்ற பொங்கலுக்குத் தாங்கள் கொடுத்த கத்தரி நாற்று ஒன்றுகூடக் காய்க்கவில்லை, தங்கள் சொல் கேட்டு என் செம்பருத்தியையும் பாழாக்க மாட்டேன்.

தாம்பரத்தான்: நாற்றுக்கும் அந்தச் சோப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினீர்களோ?